ரூபாயில் இருந்த மலை

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் முதலில் குளிப்பது காமாட்சி விளக்கு. அடுத்தது ரூபாய். எங்கள் முறை அதற்குப் பிறகுதான் வரும்.

அது ஒரு வெள்ளி ரூபாய். அம்மாவுக்குப் பரிசம் போட்ட அன்று அப்பா வீட்டார் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது. எங்கள் உறவில் ஒரு வழக்கம் உண்டு. பரிசத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஒரு வெள்ளி ரூபாய் வைப்பார்கள். பெண்ணின் தாய், தன் பரிசத்தில் தனக்கு வந்த வெள்ளி ரூபாயை எடுத்து மாப்பிள்ளையின் தாய்க்குக் கொடுப்பாள். "ரூபா மாத்துறது" என்று இதற்குப் பெயர். பட்டுப்புடவை வரலாம், வாழைப்பழம் தார் தாராக வரலாம். ரூபாய் மாறாத வரைக்கும் சம்பந்தம் முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாறிவிட்டால் பிறகு யாரும் பின்வாங்கவும் மாட்டார்கள்.

மற்ற வீடுகளில் அந்த ரூபாயைத் துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிடுவார்கள். அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்தாள். மாடத்தில் இருப்பது எதுவாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை பளபளவென்று இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. ஆகவே புளியும் செங்கல் தூளும் வைத்து விளக்கைத் தேய்ப்பது போலவே ரூபாயும் தேய்க்கப்பட்டது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது நடந்துவந்தது. எனக்கு விவரம் தெரிந்தபோது ரூபாயின் ஒரு பக்கத்தில் எதுவுமே இல்லை. கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருக்கும். மறுபக்கத்தில் மட்டும் ஒரு மேடு. அடியில் அகன்று, இரண்டு பக்கமும் சரிந்து, மேலே கூம்பி நிற்கும் மேடு.

எங்கள் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் மலை அப்படித்தான் தெரியும்.

அம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. துடைத்த ரூபாய்க்குத் திருநீறு பூசி, அந்த மேட்டின் உச்சியில் மிகச் சிறியதாக ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். தீபத்தன்று கொப்பரையில் ஏற்றுகிற இடம் எதுவோ, சரியாக அந்த இடத்தில். பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அப்பா ஒற்றை மாட்டு வண்டி ஓட்டினார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை, ஏலம் நடக்கிற மார்க்கெட் கமிட்டியிலிருந்து ரயிலடிக்கும் எண்ணெய்ச் செக்குகளுக்கும் ஏற்றிக்கொண்டு போவார். அம்மா ஒரு மண்டியில் மல்லாட்டை உரிக்கப் போவாள். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மூன்றாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். என்னை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் அக்கா குறுக்கே வந்தாள். "அது நல்லா படிக்குதுப்பா, உட்டுடு" என்பாள். அப்பாவும் விட்டுவிட்டார். இப்படித்தான் எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான் ஆனேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அன்றும் இருந்ததில்லை.

படிக்கக் கற்றுக்கொண்டதும் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக் காட்டினேன். பஸ்ஸின் நெற்றி, சோடா பாட்டில், சினிமா போஸ்டர், உப்புப் பாக்கெட். ஒருநாள் அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து ஓர் ஒற்றை ரூபாய் நோட்டு வெளியே வந்தது. அதிலும் தமிழ் இருந்தது! பல மொழிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி இருந்த வரிசையில் கீழிருந்து மூன்றாவது.

"அம்மா, இங்க பாரு, நம்ம எழுத்து. ஒரு ரூபாய்."

"எங்க?"

அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். மல்லாட்டைத் தோலை உடைத்து உடைத்துக் காய்த்துப்போன விரல். அது வரியை முழுசாக மறைத்துவிட்டது. சிறு விரலை வைக்கச் சொன்னேன்.

"இது ரூ. இது பா. இது ய்."

"இதுவா ரூ? கோழி அடை காக்கிறாப்புல கீதே."

அன்றிலிருந்து அம்மா நோட்டைப் பார்த்தால் முதலில் கோழியைத் தேடுவாள். அவள் எழுத்தாகப் பார்த்து அடையாளம் கண்ட முதல் சொல் அதுதான். அவள் பெயரைக் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். "எம்பேர நான் படிச்சி இன்னா பண்ணப் போறேன், அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் அன்று அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டி, இதுக்கு ஏன் ரூபான்னு பேரு வெச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவளே பதிலும் சொன்னாள்.

"சாமி ரூபம் இருக்கறதால இருக்கும். நம்ம ரூபாவுல மலை இருக்குது பாரு, அதப்போல."

"நோட்டுல மலை இல்லியேம்மா."

"நோட்டு காயிதம். அதுல எங்க நிக்கும் மலை?"

பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் தெரியாது என்று நான் நின்ற அந்த நிமிடம் மட்டும் எனக்குள் நெருடிக்கொண்டே இருந்தது.

ஒன்பதாவது படிக்கும்போது அக்காவின் கொலுசுக்குத் திருகாணி மாற்றத் தேரடி வீதியில் ஒரு வெள்ளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ரூபாய்கள் சிலவற்றைப் பரப்பி வைத்திருந்தார். தாடியும் கிரீடமும் வைத்த ஒரு வெள்ளைக்கார ராஜா, பக்கவாட்டில் திரும்பி, கனமான அங்கி போட்ட தோள்களோடு இருந்தார். அந்தத் தோள்களின் சரிவு எனக்கு ஏற்கெனவே தெரிந்த சரிவு. வீட்டுக்கு வந்து அம்மா இல்லாத நேரத்தில் ரூபாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மலையின் நடுச்சரிவில் மிக மெல்லியதாக ஒரு வளைவு தெரிந்தது. காது.

அம்மாவிடம் சொல்லவில்லை. புதிதாகத் தெரிந்த எதையும் வாயில் வைத்திருக்க முடியாதவள் நான். அன்று ஏனோ வாய் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் அம்மா உச்சியில் பொட்டு வைத்தாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கல்லூரிக்கு வந்தபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. தமிழ் மன்றத்தில் ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் அன்பு, வீரம், பெண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ரூபாயை எடுத்தேன். "கடன் கேக்கப் போறியா?" என்று தோழிகள் கேலி செய்தார்கள். அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடப் போகிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

நூலகத்தில் தடிமனான அகராதிகள் பூட்டிய பீரோவில் இருந்தன. அவற்றை வெளியே எடுக்க வைப்பதே ஒரு வேலை. ஆனால் எடுத்துப் புரட்டத் தொடங்கியதும் எனக்குப் பசியே மறந்துபோனது. ரூபாய் என்பது வடக்கிலிருந்து நடந்து வந்த சொல். வடமொழியில் ரூப்யம் என்றால் வெள்ளி. ஏன் வெள்ளிக்கு அந்தப் பெயர் வந்தது என்று பின்னோக்கிப் போனால் ரூபம் வருகிறது. உருவம். உருவம் பொறிக்கப்பட்டது ரூப்யம் என்று ஒரு விளக்கம். முத்திரை குத்திய வெள்ளித் துண்டுக்கு முதலில் அந்தப் பெயர் வந்து, பிறகு வெள்ளிக்கே ஆகிவிட்டதாம். இல்லை, வெள்ளிக்கு வந்ததுதான் நாணயத்துக்கு ஆனது என்று வேறு சிலர். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

இன்னும் இருந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் டெல்லியில் ஆண்ட ஓர் ஆப்கானிய அரசர் எடையைத் திட்டமாக வைத்து வெள்ளிக்காசு அடித்து அதற்கு இந்தப் பெயரை நிலைக்க வைத்தார். மொகலாயர்கள் அதைத் தொடர்ந்தார்கள். நம் பக்கத்தில் ஆற்காட்டு நவாப் அடித்தார். ஆற்காட்டு ரூபாய் என்று அதற்கு அவ்வளவு நல்ல பெயர் இருந்ததால் வெள்ளைக்காரக் கம்பெனிகளும் அதே போல அடித்துக்கொண்டன. ஆற்காடு! ஆரணி வழியாக பஸ் போகிற ஊர். எங்கள் மாவட்டத்துக்கே அப்போது வட ஆற்காடு என்றுதான் பெயர். காசு, பணம், பொன், துட்டு என்று நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருந்தும், அந்த ஊரில் அடித்த வெள்ளியோடு வந்து இந்தச் சொல் எங்கள் வாயில் உட்கார்ந்துகொண்டது. கடல் தாண்டி இலங்கைக்கும் மொரீஷியஸுக்கும் கூடப் போயிருக்கிறது. ஆனால் நம் நாட்டிலேயே வங்காளிகள் ரூபாய் என்று சொல்வதில்லை, டாகா என்கிறார்கள். நோட்டில் தமிழ் வரிக்கு நேர் மேலே இருப்பது வடமொழி வரி என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். தாய்ச்சொல்லும் அதன் தமிழ்ப் பிள்ளையும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன. இத்தனை நாள் அந்த வரியைக் கோழிக்கு மேல் இருக்கிற கோடு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மன்றத்தில் பேசுவதற்கு முன்னாலேயே அக்காவுக்குப் பரிசம் வந்துவிட்டது.

அக்காவுக்கு அதற்கு முன்பு இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. ஒன்று ஜாதகத்தில். இன்னொன்றில் அவர்கள் கேட்டது அப்பாவால் முடியவில்லை. இந்த மாப்பிள்ளை கீழ்பென்னாத்தூர் பக்கம். கிணறும் பம்புசெட்டும் கொஞ்சம் நிலமும் உண்டு. மல்லாட்டை மூட்டையோடு கமிட்டிக்கு வருவார். அப்பாவின் வண்டியில்தான் ஏற்றுவார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அக்காவை அங்கேதான் பார்த்திருக்கிறார். அக்கா எதையும் வாய்விட்டுச் சொல்கிறவள் இல்லை. ஆனால் கீழ்பென்னாத்தூர் பஸ் போகும் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலை ஒரு நொடி நிற்கும். எனக்கு அது போதும். இந்த இடமும் தட்டிப்போனால் அக்கா மறுபடி பேசாமல் பாத்திரம் விளக்கப் போய்விடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் படிக்க முடியாது என்று நினைத்தேன்.

மாசி மாதம், காலை நேரம். அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவருடைய பெரியப்பாதான் எல்லாவற்றையும் முன்நின்று பேசினார். கனத்த உடம்பு, தோளில் சரிகைத் துண்டு. சொந்த ஊரில் பஞ்சாயத்துக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். மாப்பிள்ளையின் அம்மா பின்னாலே சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு மட்டும். தட்டு வைத்த பாய்க்குப் பக்கத்தில் அவர் வரவே இல்லை. ரூபாயைக் கூட அவருக்குப் பதிலாகப் பெரியப்பாவின் மனைவி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

நானும் அக்காவும் சமையல்கட்டு வாசலில் நின்றோம். முதலில் அவர்கள் ரூபாயை எடுத்து வைத்தார்கள். அடேயப்பா! தாடியின் ஒவ்வொரு முடியும் எண்ணலாம் போல அத்தனை கூர்மையாக ராஜா இருந்தார். பெட்டியை விட்டு வெளியே வராத ரூபாய். பிறகு அப்பா எங்களுடையதை எடுத்துத் தட்டில் வைத்தார்.

பெரியப்பா அதை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இன்னாங்க இது?"

"ரூபாங்க," என்றார் அப்பா.

"ரூபாவா? தல எங்க? எழுத்து எங்க?"

அவர்கள் பக்கத்தில் யாரோ ஒருவர், "நக்கிச் சாப்ட்டாப்புல கீது" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தேய்க்கிறதுங்க. சாமி மாடத்துல இருந்தது," என்றார் அப்பா.

"தேய்ச்சித் தேய்ச்சி மூளியாக்கி வெச்சிருக்கீங்களே! மூளிக்காச நடுவுல வெச்சி எப்பிடிங்க மங்கலம் பேசறது?"

சுவரோரம் இருந்த மாப்பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். புருஷன் இல்லாதவளையும் ஊரில் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். பெரியப்பா அவரை நினைத்துச் சொல்லவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"கடைத்தெருவுல போயி வேற ஒண்ணு வாங்கியாந்துடறேங்க," என்று அப்பா எழுந்தார்.

"வாங்கினது ஆவாதுங்க. பரிசத்துல வந்ததுதான் பரிசத்துல போவணும். உங்களுக்குத் தெரியாததா? ஒண்ணும் அவசரம் இல்ல. வேற நாளு பாத்துக்கலாம்."

வேறு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் கையில் அழுந்தியது. அப்பா எழுந்த நிலையிலேயே நின்றார், உட்காரவும் தோன்றாமல். நான் அக்காவின் கையை விடுவித்துக்கொள்ளாமலே வாசலில் இருந்து பேசினேன்.

"மாமா, அது வெள்ளி. ரூபான்னாலே வெள்ளின்னுதான் அர்த்தம். தல தேஞ்சா வெள்ளி எங்கயும் போயிடாது. வேணும்னா சுண்டிப் பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிசத்தில் பெண்ணின் தங்கை பேசுவது எங்கள் பக்கத்தில் கிடையாது.

"யாரு, காலேஜு படிக்கிற பொண்ணா?"

"ஆமாங்க மாமா."

அவருக்குக் கோபம் வரவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது போல. கட்டைவிரல் நகத்தில் வைத்து ரூபாயைச் சுண்டிவிட்டார். அது எழும்பிச் சிமெண்டுத் தரையில் விழுந்து, கோயில் சின்ன மணியைத் தட்டினது போல நீளமாகச் சத்தம் போட்டு அடங்கியது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"வெள்ளிதான். நான் இல்லன்னு சொல்லலையே. ஏம்மா, புக்குல அந்த ஒரு அர்த்தந்தான் போட்டிருக்குதா? வேற ஒண்ணும் போடலையா?"

அவர் சும்மா கேலிக்குக் கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த அறையில் என்னை மறுக்க யாருக்கும் தெரியாது. அக்காவின் பிடி இறுகியது. ஆனால் படித்ததை இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. படிப்பு ஒன்றுதான் எங்கள் வீட்டுக்கு நான் கொண்டுவந்த சொத்து. அதில் கலப்படம் செய்ய மனம் ஒப்பவில்லை.

"போட்டிருக்குதுங்க," என்றேன். "உருவம் பொறிச்சதுன்னும் அர்த்தம் சொல்றாங்க."

அவர் தொடையில் தட்டினார். "கேட்டீங்களா! நான் சொன்னததான் புக்கும் சொல்லுது. உருவம் இருந்தாதான் ரூபா. இதுல இன்னா உருவம் கீது?"

அக்கா என் கையை விட்டுவிட்டாள். பிடித்திருந்ததைவிட விட்டதுதான் எனக்கு வலித்தது.

அப்போது அம்மா எழுந்து வந்தாள். மூளி, மங்கலம் என்பதெல்லாம் அவளைக் கலங்கடித்திருந்தன. ஆனால் உருவம் என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. யாரோ தெரியாமல் கேட்கிறார், சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்பது போல.

"உருவம் இல்லன்னு யாருண்ணா சொன்னது? இருட்டுல பாத்தா எப்பிடித் தெரியும்? இப்பிடி வெளிய வாங்க."

ரூபாயை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பெரியப்பாவும் வேறு வழியில்லாமல் பின்னால் போனார். பாயில் இருந்தவர்களும் எழுந்து போனார்கள். அம்மா ரூபாயை உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குச் சாய்த்தாள். குங்குமச் சிமிழிலிருந்து ஒரு துளி எடுத்து, வழக்கமான இடத்தில் வைத்தாள்.

"இதப் பாருங்க. இப்ப நிமிந்து அதப் பாருங்க."

தெருக்கோடியில், ஓட்டுக் கூரைகளுக்கும் ஒரு புளியமரத்துக்கும் மேலே மலை நின்றது. மாசி மாத வெயிலில் புல் காய்ந்து செம்மண் நிறத்தில், அகன்ற அடியும் சரிந்த தோள்களுமாக. பெரியப்பா ரூபாயைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். திரும்பவும் ரூபாயைப் பார்த்தார்.

"அடடே," என்றார் ஒருவர் பின்னாலிருந்து. சற்றுமுன் சிரித்தவர்தான் அவர்.

பெரியப்பா லேசில் விடுகிறவர் இல்லை. "இருந்தாலும்... இது ராஜா தல தேஞ்சதுதானே?" என்று இழுத்தார். இழுத்துக்கொண்டே என்னைத் தேடினார். "நீ சொல்லும்மா. நீதான் பொய் சொல்லாத பொண்ணாச்சே."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் பயமே இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். மலை என்றுதானே சொல்வேன்?

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. வழிவிட்டார்கள். அம்மாவின் கையிலிருந்த ரூபாயை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணி, நாங்க பொட்டியில போட்டு பூட்டினோம். நீங்க கும்பிட்டு வெச்சிருக்கீங்க," என்றார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார். "இத நான் வாங்கிக்கிறேன் மாமா."

"நீயா?"

"புள்ளையோட அம்மா வாங்கணும்னுதானே மொற? அவனப் பெத்தவ நான்தானே?"

தெருவில் போன ஓர் ஆட்டோக்காரன் என்ன விசேஷம் என்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். பெரியப்பா தோளில் இருந்த துண்டை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தீபத்துக்கும் நடந்தே வந்து மலையைச் சுற்றுகிறவர் என்று பிறகு மாப்பிள்ளை சொல்லித் தெரிந்தது. அவர் மலைப்பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் செய்வது போல, கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"சரி சரி. வெயில் ஏறுது. தட்ட எடுங்க," என்றார்.

தாடி வைத்த ராஜா அக்காவின் கைக்கு வந்தார். மலை அந்த அம்மாவின் முந்தானையில் முடிச்சாகப் போனது. அவர் முடிச்சைப் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், இந்தமுறை பாயின் நடுவில். அம்மா அவருக்குத் தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தாள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "நம்ம வீட்டுல ஒரு கேசு நடக்குது, வக்கீலா வரியாம்மா?" என்று கேட்டார். "வக்கீலுக்குப் பொய் சொல்ல வரணுமே" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

அவர்கள் போன பிறகு, சாயங்காலம், நானும் அக்காவும் தெருமுனை அடிபம்புக்குத் தண்ணீருக்குப் போனோம். அக்கா அடித்தாள், நான் குடத்தைப் பிடித்தேன். குடம் பாதி நிறைந்த பிறகுதான் அவள் கேட்டாள்.

"ஏண்டி, உருவம்னும் அர்த்தம் இருக்குதுன்னு சொன்னியே, எனக்கு உசிரே போயிடுச்சி தெரியுமா?"

"கேட்டாரு. சொல்லாம எப்பிடிக்கா இருக்கறது?"

"இருக்க மாட்ட. உன் நாக்கு அப்பிடி."

கோபமாகச் சொல்லவில்லை. நான் குடத்தை மாற்றி வைத்தேன். பிறகு, இனிமேல் சொன்னால் பாதகமில்லை என்று தோன்றி, மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, அது மலை இல்ல. ராஜாவோட தோளு."

"தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா பம்பை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பிடித் தெரியும்?"

"அம்மா காலையிலயே மண்டிக்கு ஓடிடும். தேய்க்கறது யாருன்னு நெனச்ச? வந்து பொட்டு வெக்கிறதுதான் அம்மா. நீ பொஸ்தகத்துல தலைய வுட்டுக்குனு இருப்ப, நான் ராஜாவத் தேய்ச்சிக்கினு இருப்பேன். நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல தாடியெல்லாம் இருந்திச்சி. மூக்கு நல்லா நீளமா, கிளியாட்டம். அத எடுத்தது நான்தான்."

"அடிப்பாவி! அம்மாகிட்ட சொல்லவே இல்லியா?"

"எதுக்கு? ஒரு வெள்ளிக்கிழம அம்மா பாத்துட்டு, மலை தெரியுதுடின்னு ஆசையா சொல்லிச்சி. சரி, நல்லாவே தெரியட்டுமேன்னு அந்தக் காதையும் அழுத்தித் தேய்ச்சேன். அது மட்டும் முழுசாப் போவல."

"ஆமா, போகல," என்றேன். "நான் பாத்தேன்."

அக்கா பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பரிசப் புடவையை மாற்றாமலே வந்திருந்தாள். நான் சிரித்த சிரிப்பில் குடம் சாய்ந்து, தண்ணீர் பாதி அவள் புடவைக் கரையிலும் பாதி என் காலிலும் கொட்டியது.